பானெட்டைக் கடைசியில் திறங்கள்

மஹிந்திரா எம்எம் 540-இன் விவரக்குறிப்பை இங்கே அடுக்கத் தேவையில்லை. 2,112 சிசி பெஜோ டீசல் என்ஜின், 62 குதிரைத்திறன் என்று ஜீப் பிரியர்கள் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். சிறுசேரியில் விலைக்கு வந்திருக்கும் ஒரு 540-ஐச் சில வாரங்களாகப் பார்த்துவருகிறேன். சிப்காட் வாசலின் மாலை நெரிசலில் ஊர்ந்திருக்கிறேன், கோவளம் பக்கம் மணலிலும் இறக்கியிருக்கிறேன். குளிர்ந்த என்ஜின் முதல் சுற்றிலேயே பிடிக்கிறது, புகை இல்லை. இந்த என்ஜின்மீது எனக்குள்ள பிரியம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

ஆனால் பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் என்ஜினில் மயங்கிவிடுவதுதான் என் கவலை. என்ஜின் கெட்டால் இறக்கிப் பிரித்து வேலை பார்க்கலாம். கியர் பாக்ஸ், ஆக்சில் எதுவானாலும் சென்னை புதுப்பேட்டையில் தேடி எடுக்கலாம். சேஸிஸ் போனால் வண்டியே போனது. அதில் அடித்திருக்கும் எண்தான் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. பெயர் மாற்றும்போதும் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) போகும்போதும் அந்த எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். எண் இருக்கும் இடம் துருவில் அரித்திருந்தால், அல்லது அங்கே வெல்டிங் தடம் தெரிந்தால், அலைச்சல் ஆரம்பம்.

எங்கள் பக்கத்து வண்டிகளில் துருவுக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கிழக்கே கடல், நடுவில் முட்டுக்காடு உப்பங்கழி, நாள் முழுக்க உப்புக்காற்று. இன்னொன்று 2015 டிசம்பர் வெள்ளம். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அன்று வண்டிகள் சேற்றுநீரில் மூழ்கிக் கிடந்தன. பெட்டிபோல் மூடிய சேஸிஸ் சட்டத்துக்குள் புகுந்த சேறு கழுவினாலும் வராது. ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளிருந்தே தின்னும், வெளியே பெயின்ட் பளபளக்கும்.

அதனால் பாயை விரித்து அடியில் படுங்கள். சிறு சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்கும் தாங்கிகள், பாடி உட்காரும் போல்ட் இடங்கள், இவற்றில் அவசரமே கூடாது. தாங்கி நகர்ந்தால் ஆக்சில் கோணலாகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டியரிங்கை எத்தனை முறை சரிபார்த்தாலும் அந்த இழுப்பு தீராது.

விற்பதற்கு முந்தைய வாரம் பூசிய கறுப்பு அண்டர் கோட்டிங்கைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அப்பிவிடுகிறார்கள். ஈரம் உள்ளே சிறைப்படுகிறது, வாங்குபவரின் கண்ணும் கட்டப்படுகிறது. மெல்லிதாகிவிட்ட தகட்டின் மேல் தட்டு வைத்துப் பற்றவைப்பது அதைவிட மோசம். தட்டின் ஓரத்திலேயே விரிசல் விடும்.

ஓட்டிப் பார்க்கும்போது விற்பவர் நான்கு சக்கர இழுவையைத் தார்ச்சாலையில் போட்டுக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடவேண்டும். இந்த வண்டியில் அந்த வித்தியாசத்தை நடுவில் ஏற்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. தாரில் சக்கரம் வழுக்க வழியில்லாததால் முறுக்கு முழுவதும் கியர்களில் ஏறும். மணலில்தான் சோதிக்க வேண்டும்.

செலவுக் கணக்கில் பதிவுப் புதுப்பிப்பையும் சேருங்கள். 15 ஆண்டு தாண்டிய கார், ஜீப்புகளுக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய். 2025-இல் 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். விண்டேஜ் பதிவு கேட்கலாமென்றால் 50 வயது ஆகியிருக்க வேண்டும், 540-க்கு அந்த வயது வரவில்லை.

சிறுசேரி வண்டியில் எண் தெளிவாக இருக்கிறது, முன்பகுதி கணீரென்கிறது. இடது பின் தாங்கியருகே கறுப்புப் பூச்சு மட்டும் தடித்திருந்தது. சுரண்டினால், கீழே ஒரு தட்டு. அதை வெட்டியெடுத்து அடியில் எவ்வளவு இரும்பு மிச்சமிருக்கிறது என்று பார்த்த பிறகே விலை பேசலாம் என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார். என்ஜினுக்காக ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கேட்கமாட்டேன்.