பன்னிரண்டு புத்தகங்கள்: ஒரு வருட வாசிப்புப் பற்றிச் சில குறிப்புகள்

சென்ற வருடம் தை மாதத்து முதல் ஞாயிறு, ரெஸ்ரோரண்ட் பூட்டியிருந்த நாளில், கொப்பி ஒற்றையொன்றில் பன்னிரண்டு புத்தகங்களின் பெயர்களை எழுதி அறைச் சுவரில் ஒட்டினேன். மாதத்துக்கு ஒன்று. நாவல், சிறுகதை, கவிதை, சுயசரிதை, அரசியல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு வெளிக்கிட்டவன் நான். பாதியில் நின்றுபோன படிப்பு ஆளைச் சும்மா இருக்க விடுவதில்லை. பட்டியல் போடுகிற வியாதி அதனால்தான் வந்திருக்க வேண்டும்.

என்னோடு அறையில் இருக்கிற அண்ணை 1989 இல் பாரிஸ் வந்தவர். ஒரு காலத்தில் சிறுசஞ்சிகைகளை மடித்து, முத்திரை ஒட்டி, தபாலில் போட்டுத் திரிந்தவர். பட்டியலை வாசித்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, பன்னிரண்டும் ஒரே புத்தகமெல்லே?”

கோபம் வந்தது. பிறகு ஆறுதலாகப் பார்த்தேன். பத்து, ஈழத்து ஆண்கள் எழுதியவை. எல்லாவற்றிலும் யாரோ எங்களை அடிக்கிறார்கள், நாங்கள் ஓடுகிறோம். அது பொய்யில்லை, நானும் ஓடி வந்தவன்தான். ஆனால் நாவலிலும் கவிதையிலும் சுயசரிதையிலும் ஒரே கண்ணாடியைத்தான் திருப்பித் திருப்பிப் பிடித்திருந்தேன். ஒற்றையைக் கிழித்தேன். புதிதாக மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொண்டேன். மூன்று புத்தகமாவது பிரெஞ்சில் வாசிக்க வேண்டும். நாலாவது பெண்கள் எழுதியதாக இருக்க வேண்டும். நான் பாதிக்கப்பட்டவனாக இல்லாமல் குற்றம் செய்த பக்கத்தில் நிற்க நேருகிற புத்தகம் ஒன்றாவது வேண்டும். மூன்றாவது நிபந்தனையை எழுதும்போது அது இவ்வளவு வேலை செய்யுமென்று நினைக்கவில்லை.

வாசிக்கிற நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். மத்தியானச் சேர்விஸ் முடிந்து பின்னேரச் சேர்விஸ் தொடங்கும்வரை மூன்று மணித்தியாலம் ‘கூப்யூர்’. அறைக்குப் போய்வரக் கட்டாது. நகரசபை நூலகத்தில் போய் இருப்பேன். அங்கே புத்தகம் இரவல் எடுக்கக் காசில்லை என்பதை அறியாமலே ஆறு வருடத்தைக் கடத்தியிருக்கிறேன்.

முதலில் எடுத்தது ஜோர்ஜ் ஓர்வெல் 1933 இல் வெளியிட்ட ‘டவுன் அன்ட் அவுட் இன் பாரிஸ் அன்ட் லண்டன்’. பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் வாசித்தேன். இந்நகரத்து ஹோட்டலொன்றின் நிலக்கீழ் அறையில் அவர் கோப்பை கழுவிய கதை அது. கோப்பை கழுவியவர்கள் எங்களில் ஆயிரக்கணக்கானோர் உண்டு. அந்த வேலையை இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் குறைவு. பரிசாரகன் கதவைத் தள்ளிக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழைகிற அந்தக் கணத்தில் அவனுடைய முகம் எப்படி மாறுகிறது என்று எழுதுகிறார். நான் தினமும் பார்க்கிற முகம். பரிசாரகர்கள் மீசை வைப்பதில்லை. ஆகவே கோப்பை கழுவுகிறவனும் வைக்கக் கூடாது. சமையற்காரர்களோ பரிசாரகர்களை மதிப்பதில்லை என்று காட்டவே மீசை வளர்ப்பார்கள் என்றும் ஓரிடத்தில் வருகிறது. நூலகத்தில் தனியே இருந்து சிரித்தேன். ஒரு குசினிக்குள் எத்தனை சாதி!

ஆனால் ஓர்வெலோடு எனக்குச் சண்டையும் உண்டு. கோப்பை கழுவுகிறவர்கள் சிந்திப்பதில்லை, சிந்தித்திருந்தால் எப்போதோ சங்கம் கட்டியிருப்பார்கள் என்கிறார். சிந்திக்க ஓய்வில்லை என்று காரணமும் சொல்கிறார். அப்படியிருந்தும் 2008 ஏப்ரலில் பாரிஸ் வட்டாரத்து ரெஸ்ரோரண்டுகளில் வதிவிடப் பத்திரமில்லாத தொழிலாளர்கள், அதிகமும் ஆபிரிக்கர்கள், சே-ஜே-தே தொழிற்சங்கத்தோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பிடித்து அனுப்பப்படலாம் என்று தெரிந்துகொண்டே செய்தார்கள். இன்னொன்று: ஓர்வெலின் மாமி ஒருவர் அப்போது பாரிஸில்தான் இருந்தார். புத்தகத்தில் அவர் இல்லை. போக ஓரிடம் உள்ளவனுடைய வறுமையும் இல்லாதவனுடைய வறுமையும் ஒன்றல்ல. யூதர்களைப் பற்றிய சில வரிகள் முகஞ்சுளிக்க வைப்பவை. இவ்வளவும் சொன்ன பிறகும், எங்களில் ஒருவர் எங்கள் குசினிகளை இப்படி எழுத மாட்டாரா என்ற ஏக்கம் போகவில்லை.

அன்னி எர்னோவின் ‘லா பிளாஸ்’ (1983) நூறு பக்கமளவுதான். எனக்கு ஆறு கிழமை பிடித்தது. நோர்மண்டியில் சிறு கடையும் கபேயும் நடத்திய தகப்பனைப் பற்றிப் படித்து முன்னேறிய மகள் எழுதுகிறார். அலங்காரமில்லாத வசனம், அகராதியோடு இருக்கிற அகதிக்கு அதுவே பெரிய உபகாரம். மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கு இந்த இடத்தில் குழம்பிப் போயிற்று. குழம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

அகோத்தா கிறிஸ்தோஃப் 1956 இல் கைக்குழந்தையோடு ஹங்கேரி எல்லையைக் கடந்தவர். ஒரு பையில் குழந்தையின் சாமான்கள், மற்றதில் அகராதிகள். சுவிசில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலைசெய்து, பிறகு கற்ற பிரெஞ்சிலேயே எழுதினார். அவருடைய ‘லு கிராண் காயே’ (1986) நாவலில் இரட்டைச் சிறுவர்கள் கொப்பியில் எழுதுவதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள்: நடந்ததை மட்டும் எழுத வேண்டும், உணர்ச்சியைச் சொல்லும் சொற்கள் கூடாது. இந்தச் சட்டத்தை எங்கள் புகலிடக் கதைகளுக்குப் போட்டுப் பார்த்தேன். பனி, தனிமை, கண்ணீர், தாய்மண் ஆகிய நான்கையும் எடுத்துவிட்டால் பல கதைகளில் மிஞ்சுவது தலைப்புத்தான். இதை எழுதுகிற நானும் அப்படி இரண்டு கதைகள் எழுதியிருக்கிறேன், நல்லகாலம், அச்சேறவில்லை.

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’வை (1944) தமிழில் வாசித்தேன். குடும்ப அந்தஸ்துப் போதாது என்று பியலுக்குப் பெண் கொடுக்க மறுக்கிறார்கள். ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் எங்கள் பக்கத்துக் கலியாணப் பேச்சு.

மூன்றாவது நிபந்தனைக்குக் கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972). பெயரைப் பல்கலைக்கழகத்தில் கேள்விப்பட்டிருந்தேன். வாசிக்கவில்லை, வாசிக்காததற்குக் காரணம் நேரமின்மை அல்ல என்று இப்போது தெரிகிறது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் அறுபதுகளில் நடந்த போராட்டங்களின் பின்னணியில் எழுந்த நாவல். குறைகள் உண்டு. பாத்திரங்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஆளை ஆள் பிரித்தறியப் பின்னுக்குப் புரட்ட வேண்டும். சில இடங்களில் மனிதர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேடையில் ஏறிவிடுகிறார்கள். கலைத்தன்மை போதாது என்று டானியலை ஒதுக்கிய விமர்சகர்கள் இவற்றைச் சரியாகவே கண்டார்கள். ஆனால் அந்த ஊர்ப் பேச்சும், வேலியின் மற்றப் பக்கத்திலிருந்து பார்க்கும் பார்வையும் அவர்களுடைய தராசில் எத்தனை றாத்தல் நிறுத்தன என்று எனக்குத் தெரியவேண்டும்.

நான் வேலிக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளை. எங்கள் வீட்டுக் கோடியில், தாழ்வாரத்து மரத்தில் அலுமினியப் பேணி ஒன்று கவிழ்த்தபடி இருக்கும். தேங்காய் பிடுங்க வருகிறவருக்கு அதில்தான் தேத்தண்ணி. அம்மா உயர்த்திப் பிடித்து ஊற்றுவா. குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். அந்தப் பேணியை நானோ அம்மாவோ ஒருநாளும் கழுவியதில்லை. இங்கே ஒரு இரவில் இருநூறு கோப்பைகள் கழுவுகிறேன். யார் சாப்பிட்டது என்று கேட்பதில்லை.

புத்தகத்தின் நடுவில் நிறுத்திவிட்டு ஊருக்கு ரெலிபோன் எடுத்தேன். அவருடைய பெயர் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன்.

“இப்ப ஏன் அதைக் கேக்கிறாய்? அவன் செத்தும் பத்து வருசம்.”

“பேர் என்னம்மா?”

கனநேரம் சத்தமில்லை. பிறகு, “ஞாபகம் வரேல்லை, கொப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றா. அப்பா 2011 இல் செத்துப்போனார்.

மார்கழி முடிவில் கணக்குப் பார்த்தேன். எட்டுத்தான் முடிந்திருந்தது. சர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’, தெளிவத்தை ஜோசப்பின் ‘குடை நிழல்’ உட்பட நாலு இந்த வருடத்துக்கு வந்திருக்கின்றன. புது ஒற்றையில் அவற்றை மேலே எழுதியிருக்கிறேன். ‘பஞ்சம’ரை அண்ணை வாங்கிக்கொண்டு போய் மூன்று மாதம். அவருடைய கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. நடுவில் மெற்றோ ரிக்கற் ஒன்று அடையாளமாக வைத்திருக்கிறார். எந்த இடத்தில் நிற்கிறார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.