இருளும் அரைப்பேரும்

2022ஆம் ஆண்டு மின்வெட்டைப் பற்றி லுணுகலைப் பகுதி மாணவரும் இளம் எழுத்தாளரும் எழுதிய கதை, கவிதைகளை ஒருசேரப் படிக்கும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிட்டிற்று. மெழுகுவர்த்தி கண்ணீர் வடிக்கிறது. லயம் இருளில் மூழ்குகிறது. மலையகத்தின் தலைவிதியே இருள்தான் எனக் கவிஞர் பெருமூச்செறிகிறார். உணர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் விளக்கு ஏன் அணைந்தது என்று எவரும் கேட்கக் காணோம். இருள் உவமையாகிவிட்டது, உவமையிடம் யார் காரணம் கேட்பார்கள்?

காரணம் உண்டு. ஒரு காலத்தில் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கை மலைநாட்டு நீரே தந்தது. 1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது நாளுக்கு எட்டு மணிநேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. முந்திய ஆண்டில் 5.5 விழுக்காடாக இருந்த பொருளாதார வளர்ச்சி 3.8 ஆயிற்று. அதன்பின் எண்ணெயையும் நிலக்கரியையும் நம்பினோம். அவற்றை வாங்க டொலர் வேண்டும். 2022இல் டொலர் தீர்ந்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு பதின்மூன்று மணிநேரத்தைத் தொட்டது. ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்திற்று. அவ்வாண்டு தேசிய உற்பத்தி 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது.

இவ்வெண்களைக் கதையில் அடுக்குமாறு நாம் கேட்கவில்லை. அவை ஸ்டோருக்குள் நுழைந்த விதத்தைப் பாருங்கள் என்றே கேட்கிறோம். மலையிலிருந்து வந்த பச்சைக் கொழுந்தை விசிறிக் காற்றில் மணிக்கணக்காக வாட்ட வேண்டும். காற்று நின்றால் குவிந்த கொழுந்து சூடேறிச் சிவக்கும். அரைபடும் நடுவில் மின்சாரம் போனால் இலை அளவுக்கு மீறிப் புளித்துவிடும். உலர்த்தும் அடுப்பு விறகில் எரிந்தாலும், சூட்டை உள்ளே தள்ளும் விசிறிக்கு மின்சாரமே வேண்டும். ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. ஆண்டுக்கு நூறு கோடி டொலருக்கு மேல் தேடித்தரும் தேயிலை, டொலர் இல்லாத காரணத்தால் கெட்டது! இதைவிடக் கூரிய முரணை எந்தக் கதாசிரியன் கற்பனை செய்வான்? 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி மறு ஆண்டில் 25 கோடியளவுக்கு இறங்கியது. அதில் 2021இன் இரசாயன உரத்தடைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஸ்டோர் கொழுந்தை ஏற்காத நாளில் மலையில் என்ன நடக்கும்? பகலோடு வேலை முடியும், முழுப்பேர் அரைப்பேராகும். வளர்ச்சி விகிதத்தை ஆராயும் பொருளியலாளரின் ஏட்டில் இந்த அரைப்பேருக்கு இடமில்லை. நம் எழுத்தாளரின் ஏட்டிலும் இல்லையே என்பதுதான் எமது குறை. கொழுந்தின் எடையிலிருந்து ஒரு கதை பிறக்கலாம் என்பதை என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ எப்போதோ காட்டிவிட்டது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. நாட்சம்பளமோ முந்திய ஆண்டு நிர்ணயித்த அதே 1000 ரூபா. இந்தக் கணக்கிலும் ஒரு கதை இருக்கிறது.

நாம் படித்தவற்றில் விதிவிலக்கு ஒன்றே. எழுதியவள் ஒரு மாணவி. 2022 மே மாதச் சாதாரண தரப் பரீட்சைதான் களம். “ஸ்டோருல கொழுந்து வேணாங்குறாங்க” என்று தாய் பகலிலேயே திரும்புகிறாள். வரிசையில் நின்று கிடைத்த மண்ணெண்ணெய்ப் போத்தலில் மகள் கரியால் கோடுகள் இடுகிறாள்: இதுவரை கணிதம், இதுவரை தமிழ், அடிக்கோட்டுக்குக் கீழே அம்மா அதிகாலையில் ரொட்டி சுட. ஒரு சொல் புலம்பல் இல்லை. மின்வெட்டின் பொருளாதாரம் முழுவதும் அந்தப் போத்தலில் தெரிகிறது.

கடைசிப் பத்தியில் மட்டும் எங்கிருந்தோ ஒரு செங்கதிரோன் உதித்து எல்லா இருளையும் துடைத்துவிடுகிறான். அவனை நீக்கிவிடும்படி சொன்னோம். “சூரியன் இல்லாம எப்படி சேர் கதையை முடிக்கிறது?” என்கிறாள். வழக்கு இன்னும் தீரவில்லை.