பனி வேர்த்த கடிகாரம்

கடலில் முக்குளிப்பவர்களுக்கென்று செய்த வாட்ச், கடலே தெரியாத மேகமலையில் முப்பது வருஷம் ஓடியது. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சீக்கோ 6309. 150 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்று டயலிலேயே போட்டிருக்கும். அதைக் கவிழ்த்தது என்னவோ மலைப்பனிதான். பின்மூடியின் ரப்பர் வளையம் இறுகிப்போய், காலையில் கண்ணாடிக்கு அடியில் முத்து முத்தாக வேர்த்திருக்கும்.

விற்றுவிடலாம் என்று சின்னமனூருக்கு இறங்கினேன். இதற்குச் சாவி கொடுக்க முடியாது. கை ஆடினால்தான் ஓடும். பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திரும்பும்போது உள்ளே ரோட்டார் சுழலும் சத்தம் கேட்டது. முள் மட்டும் அசையவில்லை.

ரிப்பேர்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டினார். பின்மூடியில் பொங்கும் அலைச் சித்திரம், கூடவே ஆறு இலக்க எண். முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், அடுத்தது மாதம். இதில் 3, 5. இந்த மாடல் 1976 முதல் 1988 வரைதான் வந்தது. ஆகவே 1983 மே.

"பாலிஷ் போட்டு, டயலுக்குப் புது பெயின்ட் அடிச்சா நல்ல விலை போகும் தம்பி."

"வேண்டாம்ணே, இப்படியே இருக்கட்டும்."

பழைய வாட்ச்சில் அழகே அந்த மங்கல்தான். முள்ளின் ஒளிப்பூச்சு பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வந்திருந்தது. புது பெயின்ட்டில் அது வருமா? ஓடாது, ஈரம் புகுந்தது என்று சொல்லியே விற்பதாக இருந்தேன். விலை பேசிக்கொண்டே வெளிவளையத்தைத் திருப்பினார். கடக், கடக்கென்று ஒவ்வொரு நிமிஷக் கோட்டிலும் நின்று நின்று போனது.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றேன்.