ஒரு காலடித் தூரம்

விருத்தாசலம் என்றவுடன் பீங்கான் நினைவுக்கு வருவது வெளியூராருக்கு இயல்பு. அந்தப் பக்கத்து நல்லூரில் வளர்ந்தவனாகிய எனக்கோ, கோடையில் வறண்டு கிடக்கும் மணிமுத்தாற்று மணலும், வெயில் தணிந்தபின் அங்கே வந்து சேரும் சிலம்ப வாத்தியாரும், அவர் தோளில் கிடக்கும் மூங்கிற் கம்பும்தான் முதலில் தோன்றும். நிமிர்ந்து நின்றால் நெற்றியைத் தொடவேண்டும் என்பது கம்புக்கு அவர் சொன்ன அளவு. பதினைந்து வயதில் அத்தகைய கம்பு ஒன்று என் கைக்கு வந்தபோது, இனி என்னை அணுகத்தக்கவன் ஊரில் எவனுமில்லை என்ற கர்வம் உண்டாயிற்று என்பதை மறைப்பதில் பயனில்லை.

அந்தக் கர்வத்தைக் கவனித்தே வாத்தியார் ஒருநாள் ஒன்றரை முழக் குறுந்தடி ஒன்றை எடுத்துக்கொண்டு எதிரே வந்து நின்றிருக்க வேண்டும். நான் வீசினேன், கம்பின் நுனி விர்ரென்று அவர் மூக்குக்கு முன்னால் கடந்து போயிற்று, அந்த ஓசை அடங்குவதற்குள் அவருடைய வலக்கால் என் இரண்டு கால்களுக்கும் இடையில் ஊன்றியிருந்தது, குறுந்தடி என் காறையெலும்பின்மேல், பாரம்கூடத் தெரியாமல், படுத்துக்கிடந்தது. என் ஐந்தரை அடிக் கம்போ அவர் முதுகுக்குப் பின்னால் வெறுங்காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. “இப்ப சொல்லு தம்பி, எது நீளம்?” என்று கேட்டுவிட்டு, மீண்டும் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டார். அன்று அஸ்தமிக்கும்வரை பத்துத் தடவைக்குக் குறையாமல் ஆடியதில், இரண்டு தடவைதான் அவரை உள்ளே வரவிடாமல் நிறுத்த முடிந்தது. அந்த இரண்டிலும் நான் வீசவில்லை, கம்பைக் குத்துவதுபோல் நீட்டிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினேன்.

இதன் கணக்கு மிக எளிது. கீழ் மூன்றிலொரு பாகத்தில் பிடித்த கம்பு கைக்கு முன்னால் ஏறக்குறைய மூன்றேமுக்கால் அடி நீளும். ஒன்றரை முழத் தடி, பிடி போக, இரண்டடி. மிச்சமுள்ள ஒன்றேமுக்கால் அடி வித்தியாசம் ஒரு காலடிக்குள் அடங்கிப்போவது. ஆகவே நெடிய ஆயுதக்காரனுடைய வித்தையெல்லாம் அந்த ஒரு காலடியை எதிரிக்குக் கொடுக்காதிருப்பதிலும், குறுகிய ஆயுதக்காரனுடைய வித்தையெல்லாம் அதைத் திருடிக்கொள்வதிலும் அடங்கியிருக்கிறது. இந்தக் காரணத்தால்தான் நம் ஆசான்கள் அடியைச் சொல்லித் தருமுன் மாதக்கணக்காகக் கால்மானத்தை அப்யாசம் செய்விக்கிறார்கள். இங்கிலாந்தில் 1599-ல் ஆயுத வித்தையைப் பற்றி நூலெழுதிய ஜார்ஜ் சில்வர் என்பவரும், ஆயுதம் அதிகக் குட்டையாக இருப்பதைப் போலவே அதிக நீளமாக இருப்பதும் குற்றமென்றும், ஒவ்வொருவனுடைய உடம்பை வைத்தே அதன் நீளத்தை அளக்கவேண்டுமென்றும் வாதித்திருக்கிறார். கம்புக்கு அவர் சொன்ன அளவு உயர்த்திய கைக்கும் மேலே போவது. நம்முடையது நெற்றியோடு நின்றுவிடுவது.

கேரளத்துக் களரியில் இந்தப் பொருந்தா ஜோடி சம்பிரதாயமாகவே அமைந்திருக்கிறது. நெடுங்கோலுக்குப் பின் முச்சாண் கோல் என்று நீளம் குறைந்துகொண்டே வரும் பாடங்களுக்கு அப்பால், வாளும் பரிசையும் ஏந்தியவனைக் குந்தமாகிய ஈட்டி ஏந்தியவன் எதிர்க்கும் ‘மறபிடிச்ச குந்தம்’ தனிப் பயிற்சியாக உண்டு. தமிழ்நாட்டிலும் மான்கொம்பு பிடித்தவனைக் கம்புக்காரனோடு மோதவிடுவதுண்டு. பந்தயங்களில் மட்டும் இருவருக்கும் ஒரே அளவுக் கம்பு, தொட்டால் புள்ளி. நியாயம் என்ற முறையில் இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை; ஆனால், நீளத்தின் சூட்சுமம் அங்கே கண்ணில் படாமலே போய்விடுகிறது.

கடலுக்கு அப்பால் சிங்களருடைய அங்கம்பொர என்னும் போர்வித்தையைப் பார்த்தால் வேறு மனப்பான்மை தெரிகிறது. அங்கம் என்ற சொல்லே உடலுறுப்பைக் குறிப்பது; வெறுங்கைப் போர் அங்கம், ஆயுதப் போர் இலங்கம் என்று பிரிப்பார்கள். நம் சுருள்வாளுக்கு இணையான ‘எதுனு கடுவ’ அவர்களிடமும் உண்டு. ஆகையால் நீளத்தின் அருமை அறியாதவர்கள் என்று சொல்லமுடியாது. எனினும் அந்த வித்தையின் உயிர்நிலை பிடியிலும், பூட்டிலும், நாம் வர்மம் என்கிறவற்றைத் தாக்குவதிலும் இருக்கிறது. கண்டிக்கு அருகிலுள்ள எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களில் மல்லர் இருவர் ஒருவரையொருவர் பின்னிக்கொண்டு நிற்கும் சிற்பத்தில் இருவருக்கும் இடையே விரல் நுழைய இடமில்லை. நாம் தூரத்தை ஆள விரும்புகிறோம். அவர்கள் அதை இல்லாமற் செய்ய விரும்புகிறார்கள். இலங்கை முழுவதும் இப்படித்தான் என்று எண்ணிவிடவும் கூடாது. கிழக்கு மாகாணத்து முஸ்லிம்களிடையே வழங்கும் சீனடியும் சிலம்படியும் நம் மணற்பரப்பு ஆட்டத்துக்கு நெருங்கிய உறவு. நாம் கம்பு என்பதை யாழ்ப்பாணத்து நல்லூரில் பொல்லு என்பார்கள். பெயரொன்றான ஊரில் பொருளின் பெயர் வேறாகிவிட்டது.

தூரத்தைப் பற்றிய இந்த வேறுபாட்டுக்கு அரசாங்கமும் ஓரளவு காரணமென்று எனக்குத் தோன்றுகிறது. பாளையக்காரர்களின் நெடிய ஈட்டிகளைக் கண்டு கும்பினிப் பட்டாளத்தார் எவ்வளவு சங்கடப்பட்டார்கள் என்பது பிரசித்தம். சின்ன மருதுவிடமே ஈட்டியும் வளரியும் எறியக் கற்றதாக அவர்களில் ஒருவரான கர்னல் வெல்ஷ் எழுதி வைத்திருக்கிறார். 1801 டிசம்பரில் சென்னைக் கவர்னர் ஆயுதங்களுக்குத் தடை விதித்தபோது ஈட்டியின் இரும்பு போயிற்று, காம்பு எஞ்சியது. மாடு ஓட்டுகிறவன் கையிலுள்ள தடியை எந்தச் சர்க்கார் பறிக்கும்? இலங்கையிலோ, 1818-ல் ஊவா எழுச்சி அடக்கப்பட்ட காலத்தையொட்டித் தடை வித்தையின்மேலேயே விழுந்ததாகவும், குருன்னான்சே எனப்படும் ஆசான்மார் அதை மறைவில் சில குடும்பங்களுக்குள் காப்பாற்றியதாகவும் அவர்களுடைய பரம்பரை சொல்கிறது. மூடிய அறைக்குள் ஐந்தரை அடிக் கம்பைச் சுழற்ற அவகாசமேது? கையும் காலும்தான் அங்கே ஒளித்துவைக்கத்தக்க ஆயுதங்கள். இது என் ஊகம். எம்பெக்கே மல்லர்கள் தடைக்குப் பல நூற்றாண்டு முந்தியவர்கள் என்று யாராவது ஆட்சேபித்தால், அதை நான் மறுக்கமாட்டேன்.

வாத்தியார் முதுமையடைந்தபின் ஒருமுறை ஊருக்குப் போயிருந்தேன். அவருடைய கம்பு நெற்றியிலிருந்து இறங்கி மோவாய்க்கு வந்திருந்தது. ஏதோ நுட்பமான காரணம் இருக்குமென்று விசாரித்தேன். “நுனி பிளந்துடிச்சு, அறுத்துட்டேன்” என்றார். அன்று சாயங்காலம் மணலில் நின்றபோது என் கையில் முழு நீளக் கம்பு இருந்தது. விரற்கணுவில் அடி வாங்கியதும் நான்தான்.