ஆயிரம் பொற்கொல்லர்கள்

சிலப்பதிகாரத்தைக் கோயிலில் பத்தினியின் கதை என்கிறார்கள். மேடையில் நீதி கேட்ட பெண்ணின் கதை என்கிறார்கள். முதல் வாசிப்போடு பெண்ணியம் நெடுங்காலம் சண்டை போட்டிருக்கிறது. அது தேவையான சண்டை. இரண்டாவது வாசிப்பைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். கண்ணகி கேட்டது எந்த நீதி என்பது மட்டும் அதிகம் பேசப்படவில்லை. அவள் கேட்டது குற்றம் சாட்டப்பட்ட ஒருவனுக்கான நீதி. ‘விசாரித்தீர்களா?’ என்பதுதான் அவளுடைய வழக்கு.

கொலைக்களக் காதையை இந்தக் கேள்வியோடு படித்துப் பாருங்கள். தேவியின் ஊடலைத் தணிக்க அந்தப்புரம் நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் அரசனை வாசலில் மடக்குகிறான் பொற்கொல்லன். சிலம்பைத் திருடியவன் அகப்பட்டான் என்கிறான். அரசன் நிற்கவில்லை, அமரவில்லை, எதுவும் கேட்கவில்லை. காவலர்களை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டுவரச் சொல்கிறான். களத்தில் காவலர்களே தயங்குகிறார்கள். பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் கள்வர்களின் மந்திரம், மருந்து, மாயம் பற்றி ஒரு நீண்ட பாடம் நடத்துகிறான். கள்வர்கள் இப்படித்தான் இருப்பார்கள், ஆகவே இவன் கள்வன் என்பதுதான் அவன் வாதம். அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலன் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதாக இளங்கோ எழுதவில்லை.

வழக்குரை காதையில்தான் முதல் சாட்சியம் பதிவாகிறது. என் சிலம்பில் மாணிக்கம், உங்கள் சிலம்பில் முத்து. உடைத்தால் தெரிந்துவிடும். அவ்வளவு எளிய சோதனை. கோவலனின் தலைக்கு முன்பே அந்தச் சிலம்பை உடைத்திருக்கலாம்.

இதோடு நிற்கவில்லை இளங்கோ. மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகிக்குக் கதைகள் சொல்கிறது. ஊழ்வினைக்கு விளக்கம் என்றே கட்டுரை காதை வகுப்புகளில் பாடமாகிறது. அந்தக் கதைகளுக்குள் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. மகன் புதிதாக நகை அணிந்திருந்ததைக் கண்டு, தந்தை புதையலைக் கவர்ந்துகொண்டான் என்று வார்த்திகனை அரசு ஊழியர்கள் சிறையில் அடைக்கிறார்கள். அவன் மனைவி கார்த்திகை தரையில் புரண்டு அழுகிறாள். ஐயை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் விசாரித்துத் தவறை உணர்ந்து அவனை விடுவிக்கிறான். அவனோடு சிறைக்கோட்டத்தையே திறந்துவிடச் சொல்கிறான். இன்னொரு வழக்கு சங்கமனுடையது. பகையரசனின் ஒற்றன் என்று ஒருவன் சொன்ன ஒரே சொல்லில் அவன் கொல்லப்படுகிறான். மனைவி நீலி பதினான்கு நாள் தெருத்தெருவாகக் கதறி அலைந்து, யாரும் கேட்காமல், மலையேறிக் குதித்து உயிரை விடுகிறாள். சங்கமனைக் காட்டிக்கொடுத்தவன்தான் மறுபிறப்பில் கோவலன் என்கிறது தெய்வம். கார்த்திகை, நீலி, கண்ணகி மூவருமே விசாரணையின்றித் தண்டிக்கப்பட்ட ஆண்களுக்காக வெளியே நின்ற பெண்கள். புழல் சிறை வாசலில் மனு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இந்த மூவரும் அந்நியர்கள் அல்ல. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை ஆண்களின் விவகாரம், பெண்களுக்கு எதிரானது என்ற எண்ணத்தை இந்த வரிசை ஏற்காது.

இதே காப்பியத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, நோய் பரவியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்கிறான். எப்படி? ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்று. உரைபெறு கட்டுரையில் ஒரே வாக்கியத்தில் வந்து போகும் செய்தி இது. குற்றம் செய்தவன் ஒரு பொற்கொல்லன். கொல்லப்பட்டவர்கள் அதே தொழில் செய்த ஆயிரம் பேர். அதன்பின் மழை பெய்தது என்கிறது காப்பியம். மதுரையை எரித்தபோதாவது குழந்தைகளையும் முதியவர்களையும் விட்டுவிடும்படி கண்ணகி தீக்குச் சொல்லியிருந்தாள். இந்த ஆயிரம் உயிர்களைப் பற்றி அவளை யாரும் கேட்கவில்லை. அந்த ஆயிரம் வீடுகளிலும் பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்திக்குக்கூட வழக்குரை காதை இல்லை.

பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரால் அரசு செய்யும் பலியை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. 2019 டிசம்பர் 6 காலையில் ஹைதராபாத் அருகே, கால்நடை மருத்துவர் ஒருவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் கைதான நால்வரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. காவலர்கள் மீது பூத் தூவினார்கள். பெண்கள் இனிப்பு வழங்கினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானபோது, அது திட்டமிட்டே கொல்லும் நோக்கில் சுட்டது என்றும், நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும், பத்துக் காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னது. பூத் தூவிய அளவுக்கு யாரும் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை. அந்த மருத்துவருக்கு என்ன நடந்தது, யார் செய்தது என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் வாய்ப்பும் அந்தக் காலையோடு போயிற்று.

இதை வகுப்பில் சொன்னபோது முதுகலை மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “மேடம், அவங்களுக்கு உரிமை, உரிமைன்னு சொல்றீங்க. அந்த உரிமையெல்லாம் எங்களை அடிக்கத்தானே பயன்பட்டிருக்கு?” அவள் கோபத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மதுரா வழக்கே அதற்குச் சாட்சி. 1972-இல் மகாராஷ்டிரத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவல் நிலையத்துக்குள் வன்கொடுமைக்கு ஆளானாள். 1978-இல் உச்ச நீதிமன்றம், அவள் உடலில் காயம் இல்லை, எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்று சொல்லி இரண்டு காவலர்களையும் விடுவித்தது. மறு ஆண்டு சட்டப் பேராசிரியர்கள் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. புகார் கொடுத்த பெண்ணின் ‘ஒழுக்கத்தை’ நீதிமன்றத்தில் இழுத்துப் பேச வழிவிட்ட சாட்சியச் சட்டப் பிரிவு நீங்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்த வரலாறு சொல்வதைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மதுராவைத் தோற்கடித்தது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இருந்தது அல்ல. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை இருந்தது அல்ல. பெண்ணின் உடலைப் பற்றி நீதிபதிகளின் மனத்தில் இருந்த எண்ணம் அவளைத் தோற்கடித்தது. தன்னைத் தற்காத்துக்கொள்ளும் உரிமை வேறு, எதிரே நிற்பவளை அவமானப்படுத்தும் வசதி வேறு. நீண்ட காலம் இரண்டாவது முதலாவதன் சட்டையைப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்தது.

இரண்டையும் பிரிக்க முடியும் என்பதற்கு 2012-இன் போக்சோ சட்டமே எடுத்துக்காட்டு. குழந்தை சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் அதன் கண்ணில் படக் கூடாது. அதே நேரம் குழந்தை சொல்வது அவர் காதில் விழ வேண்டும், அவர் தம் வழக்கறிஞரோடு பேச முடிய வேண்டும் என்கிறது அதன் 36-ஆம் பிரிவு. வழக்கறிஞர் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். கேள்வி நிற்கிறது, மிரட்டல் விலகுகிறது. ஒரு திரைச்சீலையின் இரு பக்கமும் இரண்டு உரிமைகள் இருக்க இடமிருக்கிறது. தராசு என்ற உருவகத்தில் இதற்கு இடமில்லை. ஒரு தட்டு ஏறினால் மறு தட்டு இறங்கியே ஆக வேண்டும் என்று அது நம்மை நம்பவைக்கிறது.

தமிழ் சினிமாவில் இந்தச் சிக்கலை நேர்மையாகத் தொட்ட படம், கௌதம் ராமச்சந்திரன் இயக்கி 2022-இல் வந்த ‘கார்கி’. அடுக்குமாடிக் குடியிருப்பில் குழந்தை வன்கொடுமை செய்யப்பட்ட வழக்கில் காவலாளியான தந்தை கைதாகிறார். வாதாட யாரும் முன்வராத நிலையில், திக்கிப் பேசும், அனுபவமில்லாத ஒரு வழக்கறிஞரோடு மகள் போராடுகிறாள். ஊடகமும் ஊரும் தீர்ப்பெழுதிவிட்ட நிலையில் அவளோடு நாமும் நிற்கிறோம். கடைசியில் தந்தை குற்றவாளிதான் என்று அவளுக்குத் தெரிகிறது. அவள் குழந்தையின் பக்கம் போகிறாள். கண்ணகிக்கு வராத சோதனை இது. சிலம்பை உடைத்தபோது உள்ளே முத்து இருந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று நாம் கேட்டதே இல்லை. சாய் பல்லவியின் கார்கி அந்தக் கேள்விக்குள் நின்று நடிக்கிறாள்.

படம் முடிந்ததும் சிலர், “பார்த்தீர்களா, இவனுக்கெல்லாம் வக்கீலா?” என்றார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. வழக்கறிஞர் செய்தது தவறென்று படம் எங்கும் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விகள் கேட்கப்பட வேண்டியவை. எனக்குப் படத்தோடு இருக்கும் பிணக்கு வேறு. அதே வழக்கில் கைதான மற்ற நால்வரும் வட மாநிலத்தவர்கள். அவர்களுக்கு யார் வாதாடினார்கள்? அவர்களுக்கும் எங்கோ ஒரு மகள் இருப்பாளா? படமும் கேட்கவில்லை, அரங்கில் இருந்த நாமும் கேட்கவில்லை. அவர்களைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டோம். பொற்கொல்லன் நடத்திய பாடம் இன்னும் நம்மிடம் செல்லுபடியாகிறது.

திரைக்கு வெளியே 2018 ஜூலையில், சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குறைந்த சிறுமியை மாதக்கணக்கில் வன்கொடுமை செய்த வழக்கில் 17 பேர் கைதானார்கள். உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே வழக்கறிஞர்கள் அவர்களை அடித்தார்கள். இவர்களுக்காக யாரும் வாதாட மாட்டோம் என்றது வழக்கறிஞர் சங்கம். இத்தகைய தீர்மானங்கள் சட்டவிரோதம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருந்தது. விசாரணை நடந்தது. ஒருவர் இடையில் இறந்தார். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஒருவர் விடுவிக்கப்பட்டார். அடித்த கைகளுக்கு அந்த ஒருவர் யாரென்று தெரிந்திருக்க வழியில்லை.

இன்னொரு வழக்கு மேலும் வலிக்கிறது. 2017-இல் சென்னைப் புறநகரில் ஏழு வயதுக் குழந்தை ஒன்று கொல்லப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியிலேயே செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. விரைவான நீதி என்று பாராட்டினோம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த இளைஞரை விடுவித்துவிட்டது. குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்கு வழக்கறிஞர் இல்லை. பின்னர் நியமிக்கப்பட்டவருக்குச் சாட்சி விசாரணை தொடங்க நான்கே நாள் கிடைத்தது. முக்கியமாகச் சொல்லப்பட்ட கேமராப் பதிவு நீதிமன்றத்துக்கு வரவேயில்லை. சாட்சியச் சங்கிலி அறுந்துகிடந்தது. அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு இன்று கையில் என்ன இருக்கிறது? எதிர்தரப்பு வழக்கறிஞருக்குக் கொடுக்காத அந்தச் சில வாரங்கள் அவர்களுடைய நீதியிலிருந்தே எடுக்கப்பட்டவை.

மாறாக வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை பதுக்கியவர்கள் என்று குற்றம் சாட்டித்தான் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் நுழைந்தன. வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்கள் முதலில் அரசின் கோப்பில் குற்றவாளிகளாகவே பதிவானார்கள், சிறைக்கும் போனார்கள். பின்னர் வழக்கில் நிறுத்தப்பட்ட 269 அரசு ஊழியர்களுக்கும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள், குறுக்கு விசாரணை இருந்தது, மேல்முறையீடு இருந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. எல்லா வாதங்களையும் கேட்டபின் 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவ்வளவு கேள்விகளுக்கும் நின்று பதில் சொன்ன அந்தப் பெண்களின் சொல்லை அசைக்க முடியவில்லை. முப்பத்தோரு ஆண்டுக் காலதாமதம் மன்னிக்க முடியாதது. அந்தத் தாமதத்துக்குக் காரணமானவர்கள் புகாரைப் பதிவு செய்ய மறுத்தவர்கள், மூடி மறைத்த அதிகாரிகள். அவர்களிடம் கேட்க வேண்டிய கணக்கை, வழக்கறிஞர் வைத்துக்கொண்டவரிடம் கேட்டுப் பயனில்லை.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: ஒழுங்கான புலனாய்வு கேள், முதல் நாளிலிருந்தே இரு தரப்புக்கும் நல்ல வழக்கறிஞர் கேள், சாட்சிக்குப் பாதுகாப்பும், போய்வரச் செலவும், நீதிமன்றத்தில் தனி அறையும் கேள், தேதி தள்ளிப்போனால் ஏன் என்று கேள். ஆயிரம் பொற்கொல்லர்களை மட்டும் உன் பெயரால் கேட்க விடாதே. அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் வழக்குரை காதையோடு கட்டுரை காதையையும் படித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.