வயிற்றில் போடும் ஊசி

மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்புபவரிடம், மருந்து நிரப்பிய சிறு ஊசிகள் அடங்கிய பெட்டியையும் கொடுத்தனுப்புகிறார்கள். எனாக்ஸபாரின். ரத்தத்தை இளக்கும் ஊசி என்கிறோம்; ரத்தம் இளகுவதில்லை. உடலிலேயே உள்ள ஆன்டித்ராம்பின் என்ற புரதத்துக்கு அது வலுவூட்ட, உறைதல் தடைபடுகிறது. பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கும் ஹெப்பாரினே இதன் மூலம். இதை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

பழைய ஹெப்பாரினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றியபோது சில மணிக்கொருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எனாக்ஸபாரினுக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை; வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். உறைதலைத் தடுக்கும் மாத்திரையான வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடும்; இது நஞ்சுக்கொடியைத் தாண்டுவதில்லை. கருவுற்ற காலத்தில் ரத்தக்கட்டி வந்த பெண்ணுக்கு இதைவிட நல்ல துணை கிடைப்பது கடினம்.

ஆனால் சோதனை வேண்டாம் என்ற அந்த வசதி, எடை, சிறுநீரகம் என்ற இரண்டை நம்பித்தான் நிற்கிறது. கட்டியைக் கரைய விட வேண்டுமானால், வழக்கமான அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணிக்கொருமுறை. எழுந்து நிற்க முடியாத பாட்டியை யார் எடை பார்க்கிறார்கள்? “எவ்வளவு இருப்பாங்க?” என்று மகளிடம் கேட்டு 60 என்று எழுதிக்கொள்வதுண்டு. அவர் 45 கிலோ என்றால் ஒவ்வொரு ஊசியிலும் மூன்றில் ஒரு பங்கு அதிகம். மருந்து வெளியேறுவதோ பெரிதும் சிறுநீரகம் வழியாக. தசை வற்றிய முதியவருக்கு, சிறுநீரகத்தை அளக்கப் பார்க்கும் கிரியேட்டினின் சரியாகத் தெரிந்தாலும் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டு, வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே என்றால் அளவைக் குறைத்தாக வேண்டும். அளவு மீறினால் புரோட்டமைன் என்ற முறிமருந்து கொடுக்கலாம். அது பாதிவழிதான் கைகொடுக்கும்.

போடும் முறையிலும் நம் பழக்கம் குறுக்கே வருகிறது. தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, தோலை மடித்துப் பிடித்து, நேராகக் குத்த வேண்டும். முழு அளவையும் போடும் ஊசியில் காற்றுக்குமிழியை வெளியேற்றக் கூடாது. மருந்தும் சேர்ந்து போய்விடும். போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது. நாமோ எந்த ஊசியானாலும் பஞ்சை வைத்துத் தேய்த்தே பழகியவர்கள். முட்டி வலிக்கிறதென்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வது, ரத்தக்கசிவைக் கூட்டுவதால், இன்னும் ஆபத்து.

என்னை அதிகம் உறுத்துவது நாட்கணக்கு. ஹெப்பாரின் வகை மருந்துகளால் அரிதாகத் தட்டணுக்கள் சரிந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கப் போட்ட மருந்தே உறைவை உண்டாக்கும். அது பெரும்பாலும் வெளிப்படுவது 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில். அதற்குள் நோயாளி வீட்டில் இருக்கிறார். முதுகில் மயக்க ஊசி போட்டவருக்குத் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டினால் கால் மரத்துப்போகும். சில மணி நேரத்துக்குள் கவனித்தால்தான் கால் மிஞ்சும். “அறுவை செய்த கால்தானே” என்று வீட்டார் காத்திருக்கக் கூடாது.

ஊசியை நான் குறை சொல்லவில்லை; கொடுத்தனுப்பும் அவசரத்தைச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கின்றன. பார்த்து எழுதிய எடை, கிரியேட்டினின், தட்டணு எண்ணிக்கையை மறுபடி பார்க்க வேண்டுமானால் அதன் தேதி, கால் மரத்தால் இரவிலும் கூப்பிட ஓர் எண்: இந்த நான்கு வரிக்கும் அதில் இடம் இருக்கிறது.