இருண்டது காலமா?

வரலாற்றைப் பகுத்துணரக் காலப் பெயர்கள் இன்றியமையாதவை. சங்க காலம், பல்லவர் காலம், சோழர் காலம் என்பன இலக்கியத்தையோ அரச மரபையோ சுட்டி நிற்பவை. இவற்றினிடையே 'இருண்ட காலம்' என்றொரு பெயரும் நெடுநாளாக வழங்கி வருகிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 6ஆம் நூற்றாண்டின் இறுதி வரை, களப்பிரர் மேலோங்கியிருந்ததாகக் கருதப்படும் ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கே இப்பெயர். மற்றவை சுட்டுப் பெயர்கள், இதுவோ தீர்ப்பு!

இத்தீர்ப்பு நம் மரபில் பிறந்ததன்று. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க், உரோமப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பிற்பட்ட காலத்தை இருளாகக் கண்டார். அக்கருத்து ஐரோப்பிய நூல்களில் வேரூன்றி, ஆங்கிலத்தின் வழியே நம் நூல்களிலும் புகுந்தது. ஐரோப்பிய வரலாற்றறிஞர் பலர் இன்று அச்சொல்லைத் தவிர்க்கின்றனர். நாம் இன்னும் விட்டபாடில்லை.

இச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. சான்றுகள் குறைவாதலின் நமக்குத் தெளிவாகப் புலப்படாத காலம் என்பது ஒன்று; கல்வியும் பண்பாடும் சீரழிந்த காலம் என்பது மற்றொன்று. முன்னது நம் அறிவின் எல்லையைக் கூறுவது. பின்னது அக்கால மக்களைப் பழிப்பது. முன்னதிலே தொடங்கிப் பின்னதிலே முடிப்பது எழுத்தாளர் பலரின் வழக்கமாகிவிட்டது. அலுவலகத்தில் பழைய கோப்பு அகப்படாவிடில் 'கோப்பு கிடைக்கவில்லை' என்றே குறிப்பெழுதுவோம். 'அவ்வாண்டில் பணியே நடைபெறவில்லை' என்று எழுதத் துணியோம். வரலாற்றுக்கும் அந்நேர்மை வேண்டாவா?

பழிப்புக்குப் பெருந்துணையாய் நிற்பது வேள்விக்குடிச் செப்பேடு. களப்பிரனைக் கலியரசன் என இகழ்ந்து, அந்தணர்க்கு முன்னர் அளிக்கப்பட்ட ஊர் அவனால் பறிபோயிற்று என்கிறது அது. ஆனால் அது களப்பிரரை வென்ற பாண்டியர் மரபினர், 8ஆம் நூற்றாண்டில் வெளியிட்டது. வென்றவர் கூற்றைச் சான்றாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது.

மறுபுறம் நோக்குவோம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுட் பலவற்றை அறிஞர் பலர் இக்காலத்தனவாகவே கொள்வர். கி.பி. 470இல் மதுரையில் வச்சிரநந்தி திராவிட சங்கம் நிறுவினார் என்பது சமண மரபு. 1979இல் வெளிப்பட்ட பூலாங்குறிச்சிக் கல்வெட்டு, 5ஆம் நூற்றாண்டையொட்டியது என்பர். அது கோயிலையும் தாபதப் பள்ளியையும் பிரமதாயத்தையும் குறிப்பிடுகிறது. தமிழ் எழுத்து வட்டெழுத்தாக உருமாறி வந்ததையும் அதிற் காண்கிறோம். நூலும் பள்ளியும் எழுத்தும் வளர்ந்த காலத்தை முற்றும் இருள் என்பது எங்ஙனம் பொருந்தும்?

வடபுலத்தில் வளரும் நம் சிறார்க்கு இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. பள்ளியில் அவர்கள் குப்தர் காலத்தைப் 'பொற்காலம்' எனப் பயில்கின்றனர். அந்நூற்றாண்டுகளையே தம் தாய்மொழி நூலில் 'இருண்ட காலம்' எனக் கண்டால், அங்கே ஒளியும் தம் முன்னோரிடத்தே இருளும் இருந்தன என்றன்றோ எண்ணுவர்! அதற்கு மாற்றாகக் களப்பிரர் காலத்தைப் பொற்காலமாக்கி மகிழ்வதும் பிழையே. அதுவும் சான்றை மீறிய தீர்ப்புத்தான்.

'கி.பி. 4 முதல் 6 வரையுள்ள நூற்றாண்டுகள்' என்று எண்ணாற் குறித்தால் போதும். எண் எவரையும் புகழாது; எவரையும் பழியாது. நாம் காணாத இடத்தைக் காணவில்லை என்று சொல்லப் பழகுவோம். நம் மக்களுக்கும் அதனையே கற்பிப்போம்.